கழிவுநீர்ச் சேற்றை எரிக்காமல் கையாளும் வழிகளை ஆராய்வது எப்படி?

முதலில் சேற்றிலுள்ள நீரைக் கணக்கிடுங்கள். இயந்திரத்தில் பிழிந்த பிறகும் அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீராகவே இருப்பதால், எரிக்கும்போது வெப்பத்தின் பெரும்பகுதி அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது.

எனவே, காற்றுப் புகாத கலன்களில் நுண்ணுயிர்களைக் கொண்டு சேற்றைச் செரிக்கவைத்து மீத்தேன் எடுக்கும் முறையை முதலில் ஆராய்வதே நல்லது. சிங்கப்பூரின் உலு பாண்டானில், நீர் வளத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசிய சுற்றுப்புற வாரியமும் உணவுக்கழிவைச் சேற்றுடன் சேர்த்துச் செரிக்கவைத்த சோதனையில், சேற்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதலான எரிவாயு கிடைத்தது. உணவங்காடியில் மீந்த சோறும் குழம்பும் இதற்கு ஏற்ற தீனிதான். ஆனால் அவற்றோடு வரும் பிளாஸ்டிக் கரண்டிகளையும் பைகளையும் பிரித்தெடுப்பதே, என் கணிப்பில், இதிலுள்ள பெரிய சிக்கல். செரிமானத்துக்கு முன் சேற்றை உயரழுத்த நீராவியில் வேகவைத்தால் அதிலேயே உள்ள நுண்ணுயிர்களின் செல்சுவர்கள் உடைந்து, எரிவாயு பெருகும், பிழிவதும் எளிதாகும்.

செரித்த பின்னும் எச்சம் மிஞ்சும். அதை வயலுக்கு உரமாக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தாலும், விளைநிலம் அருகிய சிங்கப்பூரில் அது பெரிதாக உதவாது; தொழிற்பேட்டைக் கழிவுநீர் கலந்திருந்தால் கன உலோகங்களையும் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்த சூழலில் சூடாக்கிக் கரியாக்குவது இன்னொரு வழி. செலவை ஒப்பிடும்போது, எரித்த சாம்பல் 1999 முதல் செயல்படும் செமக்காவ் குப்பை நிரப்புநிலத்தில் பிடிக்கும் இடத்தையும் விலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.