வஹாகா சாப்பாட்டுக் கடையில் நாம் சறுக்கும் இடங்கள்

லாஸ் ஏஞ்சலஸுக்கு வேலைக்குப் போனவர்களும் சரி, பேரக்குழந்தையைப் பார்க்கப் போனவர்களும் சரி, இரண்டாவது வாரத்தில் எப்படியும் ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடையில் வந்து நிற்பார்கள். காரம் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, சோறு இருக்கிறது. சாண்ட்விச்சைப் பார்த்துப் பார்த்துச் சலித்த நாக்குக்கு வேறென்ன வேண்டும்? நானும் அப்படித்தான் போனேன். கொரியாடவுனிலும் பிக்கோ சாலையை ஒட்டியும் இருக்கும் வஹாகா கடைகள்தான் எனக்கு வாய்த்தவை. பத்து மேசை, சுவரில் ஒரு டிவி, கல்லாவுக்குப் பக்கத்தில் ரொட்டி அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான் கடை.

அங்கே நானும் என்னோடு வந்தவர்களும் செய்த தவறுகளை யோசித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. தெரியாத விஷயத்தில் நாங்கள் தடுக்கி விழவில்லை. மிளகாய், சைவம், கையால் சாப்பிடுவது என்று 'நமக்குத் தெரியாததா' என நினைத்த இடங்களில்தான் விழுந்தோம்.

முதலில் பெயர். பலகையில் இருக்கும் எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'ஓக்ஸாகா' என்று வரும். சரியான உச்சரிப்பு வஹாகா. மெக்சிகோவின் தெற்கில் இருக்கும் மலை மாநிலம். 16 பழங்குடி இனங்கள் வாழும் இடம். லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்த வஹாகாக்காரர்களில் நிறையப் பேர் சபோத்தெக் மக்கள். கொரியாடவுனில் 1994-இல் தொடங்கிய 'கெலகெத்சா' உணவகம் அவர்கள் சமையலை ஊரறியச் செய்தது. 2015-இல் அதற்கு அமெரிக்க உணவுலகில் பெரிதாக மதிக்கப்படும் ஜேம்ஸ் பியர்ட் விருதும் கிடைத்தது. நான் சொல்லும் கடைகள் அதைவிடச் சின்னவை, பெயர் தெரியாதவை.

பெயருக்கு அடுத்த தவறு, மெனுவில் தெரிந்த சொல்லைத் தேடுவது. புரிட்டோ, நாச்சோஸ், ஃபஹிட்டா. புரிட்டோ வடக்கு மெக்சிகோவின் கோதுமை நாட்டுக்காரன். நாச்சோஸ் 1943-இல் டெக்சாஸ் எல்லையோரத்துப் பியெத்ராஸ் நெக்ராஸ் ஊரில் பிறந்தது. ஃபஹிட்டா டெக்சாஸ் சரக்கு. செட்டிநாட்டு மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சோளே பட்டூரா கேட்கிற கதைதான். கேட்டால் கோபப்பட மாட்டார்கள், நம்மைப் போன்றவர்களுக்காகவே மெனுவின் கடைசிப் பக்கத்தில் புரிட்டோ போட்டும் வைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சமையலறைக்குக் கைவந்தது அது இல்லை.

கைவந்தது த்லாயுதா. பேப்பர் ரோஸ்ட் அகலத்துக்கு, அப்பளத்துக்கும் வரட்டிய சப்பாத்திக்கும் நடுவான மொறுமொறுப்பில் ஒரு சோள டோர்ட்டியா. அதன்மேல் மசித்த கறுப்பு ராஜ்மா, நூல் நூலாகப் பிரியும் கெசியோ என்ற பாலாடைக்கட்டி, நறுக்கிய முட்டைக்கோஸ், வெண்ணெய்ப்பழம், வேண்டுமானால் தசாஹோ என்ற உப்புக்கண்ட மாட்டிறைச்சி. ஒன்று வாங்கினால் இருவர் சாப்பிடலாம். ஆளுக்கொன்று சொல்லிவிட்டு விழிப்பது எல்லோரும் ஒருமுறை செய்வது. நாங்கள் நான்கு பேர் நான்கு சொன்னோம். பரிமாறிய அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து மேசையையும் இழுத்துப் போட்டார்.

மோலே என்பது குழம்பு

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் பணம் வீண். 'சாக்லேட் சாஸ் ஊற்றிய கோழி' என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள். இனிப்பை எதிர்பார்த்துப் போவோம். தட்டில் தார் மாதிரி கறுப்பாக ஒன்று வரும், உள்ளே ஒரு கோழித் துண்டு முங்கிக் கிடக்கும். 'இவ்வளவு காசுக்கு ஒரே ஒரு துண்டா?' என்ற கேள்விதான் முதலில் எழும்.

கோழி அங்கே சாக்கு. காசு குழம்புக்கு. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாத்தில் 'மோல்லி' என்றால் குழம்பு, சாறு. வெண்ணெய்ப்பழத்தை மசித்த குவாக்கமோலேயின் வாலில் ஒட்டியிருப்பதும் அதே சொல்தான். வஹாகாவில் ஏழு மோலே என்பது வழக்கு: கறுப்பு, சிவப்பு, கொலொராதீத்தோ, மஞ்சள், பச்சை, சிச்சிலோ, மாஞ்சாமந்தேலெஸ். கடைசியதற்கு 'மேசைவிரிப்பைக் கறையாக்குவது' என்று பொருள். வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள்.

கறுப்பு மோலேயின் நிறம் சாக்லேட்டால் வருவது என்று நினைப்பதும் தவறு. சில்வாக்லே என்ற மிளகாயைக் கறுக்கக் கறுக்க வறுப்பார்கள். விதையைத் தனியாக எடுத்துக் கரியாக்குவார்கள். அந்த நெடியில் வீடே இருமும். நம் வீட்டில் மிளகாய் தீய்ந்தால் அம்மா திட்டுவாள், அங்கே தீய்க்காவிட்டால்தான் திட்டு. பிறகு எள், பாதாம், வேர்க்கடலை, உலர்திராட்சை, நேந்திர வகை வாழை, தக்காளி, பட்டை, கிராம்பு, ரொட்டி என்று இருபது முப்பது சாமான் அரைபட்டு, மணிக்கணக்கில் கொதித்து, கடைசியில் கொஞ்சம் சாக்லேட். வாயில் முதலில் புகை, பிறகு லேசான இனிப்பு, எல்லாம் போன பிறகு தொண்டையில் கசப்பு. வத்தக்குழம்பில் பழகிய நாக்குக்கு அந்தக் கசப்பு ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலை, எள், பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இங்கே விளையாட்டுக் காட்டக் கூடாது. கடலை இல்லாமல் செய்து தரச் சொல்லவும் முடியாது, அது ஏற்கெனவே அரைத்து வைத்த விழுது. வேறு ஏதாவது சாப்பிடுங்கள்.

'கறி இல்லாமல்' என்றால் போதாது

சைவக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். என் நண்பர் ஒருவர் முட்டைகூடத் தொடமாட்டார். 'சின் கார்னே' என்று இரண்டு ஸ்பானியச் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். கறி இல்லாமல் என்று பொருள். மசித்த ராஜ்மாப் பயறும் சோறும் வந்தது. 'இவ்வளவு ருசியாகப் பயறு சாப்பிட்டதே இல்லை' என்று மூன்று வாரம் வந்து சாப்பிட்டார். நாலாவது வாரம்தான் தாளித்தது எதில் என்று கேட்டார்.

மாந்தேகா. பன்றிக்கொழுப்பு. வெண்ணெய்க்கு ஸ்பானியத்தில் மாந்தேகியா என்பதால் இரண்டும் காதில் ஒன்றுபோல விழும், குழம்பிப் போகும். மசித்த பயறில் அது இருக்கலாம். இலையில் சுற்றி அவிக்கும் சோளக் கொழுக்கட்டையான தமாலின் மாவில் பெரும்பாலும் இருக்கும். த்லாயுதாவிலும், தடித்த சின்ன சோள ரொட்டியான மெமேலாவிலும் முதலில் தடவும் அசியெந்தோ, பன்றித்தோலை வறுத்த பாத்திரத்தில் அடியில் நிற்கும் வண்டலேதான். அப்புறம் சோறு: தக்காளி நிறத்தில் அப்பாவியாக இருக்கும், வெந்தது கோழிச் சாற்றிலாக இருக்கலாம். மோலேயைக் கரைப்பதும் அதே சாற்றில்தான். கற்றாழைச் சாராயமான மெஸ்கால் குடிப்பவர்களுக்கு ஆரஞ்சுத் துண்டோடு வைக்கும் சிவப்பு உப்பில் கற்றாழைப் புழு அரைத்துச் சேர்த்திருக்கும்.

கடைக்காரர் மறைக்கிறார் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. 'கார்னே' என்றால் அவர்கள் காதில் மாட்டுக்கறி, பன்றிக்கறி என்றுதான் விழுகிறது. கோழியே சிலசமயம் அதில் சேராது, கொழுப்பும் சாறும் எங்கே சேரப்போகிறது? அதனால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: 'சின் மாந்தேகா, சின் அசியெந்தோ, சின் கால்தோ தே பொய்யோ'. கொழுப்பு வேண்டாம், வண்டல் வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம். நெரிசல் இல்லாத நேரத்தில் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஒரே கல்லில்தான் எல்லாம் வேகிறது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். பூசணிப்பூவும் கெசியோவும் வைத்து மடித்த கெசதியா இருக்கிறது. நொப்பால் இருக்கிறது. நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் மடல்தான், முள்ளைச் சீவிச் சுட்டுத் தருவார்கள். வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு, அது பிடித்தால் இதுவும் பிடிக்கும். அசியெந்தோ இல்லாமல், எண்ணெயில் செய்த பயறு போட்டு மெமேலா கேட்கலாம். பயறில் வெண்ணெய்ப்பழ இலை போட்டு வேகவைப்பது வஹாகா பழக்கம், லேசாகச் சோம்பு வாசம் வரும்.

அசைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிண்ணத்தில் சிவப்பாகப் பொரித்த வெட்டுக்கிளி, சாப்புலினேஸ், வந்தால் முகம் சுளித்துப் படம் பிடிக்காதீர்கள். மழை முடிந்ததும் ஈசல் பிடித்துப் பொரியரிசியோடு தின்ற ஊர்க்காரர்கள் நாம். பூண்டும் எலுமிச்சையும் உப்பும் போட்டு வறுத்திருப்பார்கள், கருவாட்டுப் பொடி ஞாபகம் வரும்.

காரத்தில் வீரம்

மிளகாயின் தாய்வீடு மெக்சிகோ. போர்த்துக்கீசியர் கொண்டுவந்து கொடுத்து நமக்குக் கிடைத்து ஐந்நூறு ஆண்டுகூட முழுதாக ஆகியிருக்காது. ஆனால் கடையில் உட்கார்ந்ததும் 'நாங்க இந்தியன்ஸ், ஸ்பைசியா போடுங்க' என்று சொல்லாத தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதில் இரண்டு தவறு உண்டு. ஒன்று, மோலேயையோ கறியையோ காரமாக்கச் சொல்வது. காரம் அங்கே தட்டில் ஏற்றுவதில்லை, மேசையில் இருக்கும் சால்சாவில் நாமே சேர்த்துக்கொள்வது. இரண்டு, அந்தச் சால்சாவைச் சட்னி மாதிரி கரண்டியால் ஊற்றிக்கொள்வது. பச்சை என்றால் காரம் குறைவு என்று ஒரு விதியும் கிடையாது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் ஹலபேனோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ ஒரு லட்சத்தைத் தாண்டும். கிண்ணத்தில் எது இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

நான் பட்டது சிலே தே அகுவாவிடம். 'தண்ணீர் மிளகாய்' என்று பெயர். பார்க்க பஜ்ஜி மிளகாய். சுட்டு, தோலுரித்து, நீளநீளமாகக் கிழித்து, வெங்காயத்தோடு எலுமிச்சைச் சாற்றில் போட்டு வைத்திருந்தார்கள். பெயரையும் உருவத்தையும் நம்பி ஊறுகாய் மாதிரி ஒரு வாய் எடுத்தேன். 'பிக்கா?' என்று பிறகு கேட்டேன், காரமா என்று. அந்த அம்மா விரலால் துளியூண்டு காட்டி 'போக்கீத்தோ' என்றார், கொஞ்சூண்டு. அவர் காட்டிய துளி என் கண்ணில் நீராக வந்துகொண்டிருந்தது. டோர்ட்டியா ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கை விஷயம்

டாக்கோவை முள்கரண்டியால் குத்தும் தவறை நாம் செய்யமாட்டோம். நம் தவறு வேறு. சப்பாத்தி மாதிரி டாக்கோவைப் பிய்த்து உள்ளடக்கத்தைத் தனியாகத் தொட்டுச் சாப்பிடுவது. டாக்கோவை மடித்து, தட்டுக்கு மேலே பிடித்து, தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். டாக்கோவைச் சாய்த்தால் எல்லாம் மடியில்.

மோலேக்கு இது தலைகீழ். அங்கே டோர்ட்டியாவைப் பிய்த்துக் குழம்பைத் துடைத்து எடுப்பதுதான் முறை, நம் கைக்கு அது தானாக வரும். டோர்ட்டியா துணியில் சுற்றி ஒரு கூடையில் வரும். ஒன்றை எடுத்துவிட்டுத் துணியைத் திறந்தபடி விட்டால் ஐந்தே நிமிடத்தில் மீதியெல்லாம் அட்டையாகிவிடும். ஒவ்வொரு முறையும் மூடிவையுங்கள். சூடாக இருக்கும்போது முகர்ந்து பார்த்தால் லேசாகச் சுண்ணாம்பு வாசம் தெரியும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைத்த மாவு அது. அந்த வேலை இல்லாவிட்டால் சோள மாவு ஒட்டிச் சேராது, அதில் இருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சரியாக ஒட்டாது.

தமாலை இலையோடு கடிப்பவர்களும் உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டே 1976-இல் டெக்சாஸில் சோளமடல் உரிக்காமல் கடித்துப் பேப்பரில் வந்தார். வஹாகா தமால் வாழையிலையில் வரும், அதனால் நமக்கு அந்த ஆபத்து குறைவு.

சில்லறை விஷயங்கள்

குழிமுறையில் வேகும் ஆட்டுக்கறி பார்பகோவா பல கடைகளில் சனி, ஞாயிறு மட்டும்தான், அதுவும் காலையிலேயே போனால்தான். சோளமும் கொக்கோவும் கரைத்து நுரை மிதக்கும் தெஹாத்தே எல்லா நாளும் இருக்காது, கண்ணில் பட்டால் விடாதீர்கள். கோலா கேட்காமல் ஹமைக்கா கேளுங்கள், நம் புளிச்சகீரைக்கு உறவான செடியின் பூவைத் தாங்கும் சிவப்புப் புல்லி இதழ் ஊறிய தண்ணீர். தமரிந்தோ என்று எழுதியிருந்தால் அது நம் புளித்தண்ணீரேதான், சர்க்கரை போட்டது.

சமையலறையில் இருப்பவர்களிடம் ஸ்பானியம் பேசிக் காட்டி, பதில் வராவிட்டால் 'என்னடா இது' என்று நினைக்காதீர்கள். அவர்களில் சிலருக்குத் தாய்மொழி சபோத்தெக், ஸ்பானியம் பிறகு கற்றது.

சாப்பிட்டு முடித்து அரைமணி உட்கார்ந்தும் பில் வரவில்லை என்று முணுமுணுக்க வேண்டாம். கேட்காமல் பில் வைப்பது, எழுந்து போகச் சொல்வது போல என்பது அவர்கள் மரியாதை. 'லா குவெந்தா, போர் ஃபவோர்' என்றால் வரும். டிப்ஸ் அமெரிக்கக் கணக்குதான், 15 முதல் 20 சதவீதம். சின்னக் கடை என்பதற்காக அதைக் குறைக்காதீர்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

வெளியே போகும் வழியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் மேசையைக் கடக்கும்போது 'புரோவேச்சோ' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்பது மாதிரி. முதல் இரண்டு முறை எனக்கு அது கேட்டும் புரியவில்லை, யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் முறை வாயில் மோலேயோடு தலையை மட்டும் ஆட்டினேன்.