மாமியின் கடனட்டையில் விழுந்த கள்ளக் கணக்கு

கல்லடியில் இருக்கிற மாமியின் கடனட்டையில் முதலில் 1 டொலர், அரை மணித்தியாலத்துக்குள் 189 டொலர். அந்தச் சின்னத் தொகை, அட்டை வேலை செய்யுதா என்று கள்ளர் பார்க்கிற சோதனை. அதையும் முறைப்பாட்டில் சேருங்கள்.

முதல் வேலை அட்டையை முடக்குவது. வேறு ஆள் எடுத்தால் வங்கி விபரம் தராது. ஸ்பீக்கரில் போட்டு மாமியையே அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் சொல்ல வைத்தேன். பிறகு "மருமகன் கதைக்கட்டும்" என்று அவவே அனுமதி கொடுத்தா. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

போனில் சொன்னதோடு விடுவதுதான் பலர் செய்யும் பிழை. இந்தக் கணக்கு எங்களுடையதல்ல என்று வங்கிக்குக் கொடுக்கிற முறைப்பாட்டுப் படிவத்தில் அட்டைக்காரரே ஒப்பமிட வேண்டும். வங்கியிலுள்ள மாதிரியோடு ஒப்பம் பொருந்தாவிட்டால் படிவம் திரும்பி வரலாம். மாமிக்குக் கை நடுங்கும். கிளைக்கே கூட்டிப்போய் அதிகாரி முன்னால் போட வைத்தேன். தொகை கணக்கில் பதிவாகும் வரை வங்கி படிவத்தை ஏற்காமல் விடலாம்; அதற்காக அட்டையை முடக்கப் பிந்த வேண்டாம். முறைப்பாட்டுக்கு வீசா, மாஸ்டர்கார்ட் விதியில் பொதுவாக 120 நாள் என்றாலும் வங்கியின் கெடு அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

போனுக்கு வந்த ஓடிபியை (ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய இலக்கம்) யாருக்காவது சொல்லியிருந்தால் மறைக்காதீர்கள், எப்படியும் பதிவில் தெரியும். மற்றச் செலவுகளுக்கான தொகையைத் தவணைக்குள் கட்டுங்கள். வங்கி இழுத்தடித்தால் இலங்கை மத்திய வங்கியின் 1935க்கு அழையுங்கள்.