அம்பாசடர் பம்பர் பிராக்கெட்: புதுசு வாங்காம துரு எடுக்கிறது எப்படி?

பம்பரை வண்டியோட சேர்த்துப் பிடிக்கிற இரும்பு பிராக்கெட் ஒரு ஜோடி, அதுவும் பழைய வண்டியில கழட்டினது, 2,800 ரூபாய் சொன்னாங்க. பார்சல் கூலி தனி. அம்பாசடர் 2014லேயே நின்னு போச்சு, இருக்கிற சாமானுக்குச் சொல்றதுதான் விலை. வாங்கி மாட்டினாலும் கீழக்கரைக் கடல் காத்துல எத்தனை நாள் தாங்கும்? 1914ல திறந்த பாம்பன் பாலத்தையே பெயின்ட் அடிச்சு அடிச்சுத்தான் காப்பாத்தினாங்க. அதனால இருந்த பிராக்கெட்டையே கரண்ட் வச்சுத் துரு எடுத்தேன். கார் பேட்டரி சார்ஜர் வீட்டுல இருந்துச்சு. மத்தபடி 200 ரூபாய் தாண்டல.

1. 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில தண்ணி நிரப்பி, நூறு கிராம் சலவை சோடா கரைங்க. ஆப்ப சோடா இல்ல.

நான் சறுக்கினது இந்தத் தண்ணியிலதான். முதல் தடவை வீட்டு போர் தண்ணியை ஊத்தினேன். நம்ம ஊர் போர் தண்ணி ஒரே உப்பு, டீ போட்டா திரிஞ்சு போகும். கரண்ட் குடுத்த கொஞ்ச நேரத்துல பிளீச்சிங் பவுடர் வாடை. உப்புல இருக்கிற குளோரின் கிளம்பி வருது, மூச்சுக்கு நல்லதில்ல. துரு என்னவோ போச்சு. ஆனா காலையில துடைச்சு வச்ச பிராக்கெட் சாயங்காலம் மறுபடி ஆரஞ்சு கலர்! குழியில உக்காந்த உப்பு விடல. மறுநாள் காவேரித் தண்ணி ரெண்டு குடம் எடுத்தேன். ஒண்ணு வாளிக்கு, இன்னொண்ணு கடைசியில கழுவ. குடிக்கிற தண்ணியை இதுக்கா ஊத்துறதுன்னு வீட்டுல திட்டு விழுந்துச்சு, அது வேற கதை.

2. வாளி ஓரத்துல பழைய கட்டுமானக் கம்பித் துண்டு நாலு நிறுத்தி, செம்புக் கம்பியால ஒண்ணா இணைங்க. கம்பிக்கு நேரா இருக்கிற பக்கம்தான் நல்லா சுத்தமாகும், அதான் சுத்தி நாலு. படகுப் பட்டறையில எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடு கிடைக்கும், பளபளன்னு இருக்கேன்னு போட்டுடாதீங்க. அதுல இருக்கிற குரோமியம் கரைஞ்சு தண்ணியே விஷமாயிடும்.

3. பிராக்கெட்டைக் கம்பிகள்ல படாம நடுவுல தொங்க விடுங்க. சார்ஜரோட கறுப்பு கிளிப் பிராக்கெட்டுக்கு, சிவப்பு கிளிப் கட்டுமானக் கம்பிக்கு. மாத்திக் குடுத்தா கம்பிக்குப் பதிலா பிராக்கெட் கரையும். 12 வோல்ட் சார்ஜரைப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. வர்ற நுரையில ஹைட்ரஜன் இருக்கு. அதனால திறந்த வெளியில வைங்க, பக்கத்துல பீடி, சிகரெட் கூடாது. கையை விடுறதுக்கு முன்னாடி பிளக்கைக் கழட்டுங்க.

4. காலையில துரு கறுப்புச் சேறா நிக்கும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் போதும். கிரைண்டர் எனக்குப் பிடிக்காது, துருவோட சேர்த்து நல்ல இரும்பையும் தின்னும். கழுவி, வெயில்ல சூடேத்தி, ஒரு மணி நேரத்துக்குள்ள பிரைமர் அடிச்சிடணும். ரெட் ஆக்சைடு வேண்டாம், ரெண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்சிதான் கடற்கரைக்கு நிக்குது.

பின்சேர்க்கை: "சார்ஜர் ஓடவே மாட்டேங்குது"ன்னு மூணு பேர் எழுதியிருந்தாங்க. மூணுமே புது ஆட்டோமேட்டிக் சார்ஜர். பேட்டரி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அது கரண்ட் விடும். முள் ஆடுற மீட்டர் வச்ச பழைய கனமான சார்ஜரைத் தேடுங்க.

இன்னொண்ணு: தொண்டியிலேர்ந்து ஒரு தம்பி கார்புரேட்டரையே முக்கிட்டாராம். அது இரும்பு இல்ல தம்பி, சோடாத் தண்ணி அரிச்சிடும். குரோம் பூசின பம்பர், ஸ்பிரிங், பிரேக் சாமான், ஸ்டீரிங் போல்ட் எதையும் போடாதீங்க. பதம் ஏத்திக் கடினமாக்கின இரும்புக்குள்ள ஹைட்ரஜன் புகுந்தா, ஓடுற வண்டியில பட்டுன்னு உடையும். இதுக்கெல்லாம் என்ன விலை சொன்னாலும் குடுத்து வாங்கிடுங்க.