கழற்றிப் பூட்டும் ஸ்டியரிங் போடப் போகிறீர்களா?

வீட்டில் கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) பூட்டுகிறவர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற ஆஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் பழைய ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும். முன் சில்லுகளை நேராக நிறுத்துங்கள். ஸ்டியரிங்கின் நடு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுதாகக் கழற்ற வேண்டாம். கடைசிப் புரிகளில் நிற்கட்டும். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டி இழுங்கள். இறுகியிருந்தது சட்டென்று விடுபட்டாலும் அந்த நட்டு தடுத்துவிடும், முகத்தில் அடிக்காது. வராவிட்டால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். கீழே பெயரிங் பாழாகிவிடும்.

புது ஸ்டியரிங்கைத் தண்டோடு இணைக்கும் ஹப் வாங்கும்போது, சுற்றிவரப் பல் வெட்டிய, ஒரே நிலையில் மட்டும் பூட்டிக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் ஆட்டம் குறைவு. இன்னொன்று, ஆறு போல்ட் துளைகளின் வட்டம் 70 மில்லிமீட்டரா 74ஆ என்று அளந்து பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், பூட்டப் போனால் சேராது.

ஹோர்ன் வயரையும் இணைக்க மறக்க வேண்டாம்.

எங்கள் கடற்காற்றுக்கு ஹப்பின் பற்களில் துரு சீக்கிரம் ஏறும். அவ்வப்போது துடைத்து மெல்லிசாகக் கிரீஸ் பூசுங்கள். ஒவ்வொரு முறை பூட்டியதும் 'டக்' என்ற சத்தத்தை மட்டும் நம்பாமல், இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பார்த்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள்.