விளம்பரத்தில் 420 என்று இருந்தால் எப்படிப் படிப்பது

மார்த்தாண்டத்தில் சாயங்கால ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். போன மாதம் குழித்துறையிலிருந்து ஒருவர் மகளின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளை கனடாவுக்குப் படிக்கப் போகிறாள். அவள் பார்த்துவைத்த வாடகை அறையின் விளம்பரத்தில் ‘420 ஃபிரெண்ட்லி’ என்று இருந்தது. “டீச்சரே, ஃபோர் ட்வென்டிக்காரன் வீட்டிலயா எம்பிள்ளைய விடணும்?” என்றார். பாவம், இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம்.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 420-வது பிரிவு மோசடிக்கு உரியதாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் மோசடி 318-வது பிரிவுக்கு மாறிவிட்டது. நம் வாயில் மட்டும் ஏமாற்றுக்காரன் இன்னும் ஃபோர் ட்வென்டிதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே எண் கஞ்சாவைக் குறிக்கும். ‘420 ஃபிரெண்ட்லி’ என்றால், இங்கே கஞ்சா புகைத்தால் ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்கு அது சட்டப்படி செல்லும் என்பதால் இப்படி வெளிப்படையாக எழுதுகிறார்கள்.

இந்த எண் பிறந்தது கலிஃபோர்னியாவில். 1971-ல் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளியில் ‘வால்டோஸ்’ என்று ஐந்து பையன்கள் இருந்தார்கள். யாரோ விட்டுப்போன கஞ்சாச் செடிகளைத் தேடிப் போவதற்காகச் சாயங்காலம் 4:20-க்குப் பள்ளியிலுள்ள லூயி பாஸ்டர் சிலையடியில் கூடினார்கள். செடி கிடைக்கவில்லை, நேரம் அவர்களுக்குள் சங்கேதச் சொல்லாக நின்றுவிட்டது. போலீஸ் குறியீட்டிலிருந்து வந்தது என்பார்கள், நம்ப வேண்டாம். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு, பொது நிலத்துக்குள் போகிறவரைத் தடுப்பதைப் பற்றியது.

சரி, உச்சரிப்பு. 420, 4:20, 4/20 எப்படி எழுதினாலும் ‘ஃபோர் ட்வென்டி’தான். ‘ஃபோர் ஹண்ட்ரட்’ என்று தொடங்கினால் வெறும் தொகையாகிவிடும். என் வகுப்பில் பாதிப் பேர் ‘டுவண்டி’ என்பார்கள். ‘ட்’டுக்கும் ‘வ’வுக்கும் நடுவே ‘உ’ நுழையக் கூடாது. உதட்டை முதலிலேயே குவித்துக்கொண்டு ‘ட்வெ’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள், அழுத்தம் அங்கேதான். அமெரிக்கர்கள் பேச்சில் கடைசி ‘ட்’டை விழுங்கி ‘ட்வெனி’ என்பார்கள். காதுக்குப் பழகினால் போதும். 4/20 என்பது ஏப்ரல் 20, அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள்.

வாடகை 420 டாலர் என்பதையும் பேச்சில் ‘ஃபோர் ட்வென்டி’ என்று சுருக்கிச் சொல்வதுண்டு. அதனால் அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். டாலர் என்றால் பணம், ஃபிரெண்ட்லி என்றால் கஞ்சா. ‘நோ 420’ என்றால் அந்த வீட்டில் அதற்கு இடமில்லை. ஊருக்கு வரும்போது பையில் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. இங்கே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி அது குற்றம்.

அந்தப் பிள்ளைக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. அன்றே என் முன்னால் உட்கார்ந்து, “வீட்டுக்குள்ளே புகைப்பீர்களா, வெளியிலா?” என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டாள். உள்ளேதான் என்று பதில் வந்தது. இப்போது ‘நோ 420’ என்று போட்ட அறைகளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.