$ மட்டும் போட்டால் போதாது: நாணயக் குறிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'கட்டணம் $500' என்று ஒரு அறிவிப்பு. எந்த நாட்டு டாலர்? பெரும்பாலோர் யோசிக்காமல் அமெரிக்க டாலர் என்று எடுத்துக்கொள்வார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாமே இதே குறியைத்தான் போடுகின்றன. ஒரு அமெரிக்க டாலருக்கு ஹாங்காங் டாலர் 7.8 அளவில் நிற்கும்படி 1983 முதல் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆக, அந்த 500 ஹாங்காங் டாலராக இருந்தால் அமெரிக்கக் கணக்கில் 64 டாலர்தான். மெக்சிகோ, சிலி, கொலம்பியாவிலோ $ என்றால் டாலரே இல்லை, பெசோ. சொல்லப்போனால் இந்தக் குறியே பெசோவிலிருந்து வந்தது என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

குறி தோராயமான அடையாளம்தான். பணம் கைமாறும் இடத்தில் நாட்டின் பெயரோ மூன்றெழுத்துக் குறியீடோ கூடவே வர வேண்டும். ஐஎஸ்ஓ 4217 என்ற தரநிலை தரும் குறியீடு அது: யுஎஸ்டி (USD, அமெரிக்க டாலர்), எஸ்ஜிடி (SGD, சிங்கப்பூர் டாலர்), ஐஎன்ஆர் (INR, இந்திய ரூபாய்). பெரும்பாலும் முதல் இரண்டு எழுத்து நாட்டுக்கு, மூன்றாவது நாணயத்துக்கு. சுவிஸ் பிராங்குக்கு சிஎச்எஃப் என்று பார்த்துக் குழம்ப வேண்டாம், அந்த நாட்டின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது.

¥ இன்னும் ஆபத்தானது. ஜப்பானின் யென்னுக்கும் சீனாவின் யுவானுக்கும் ஒரே குறி. 'வட்டம்' என்ற பொருள் தரும் ஒரே எழுத்திலிருந்து வந்த பெயர்கள் இவை. கொரியாவின் வொன்னும் அதே குடும்பம்தான். ஆனால் அண்மை ஆண்டுகளின் நிலவரத்தில் ஒரு யுவானுக்கு ஏறக்குறைய 20 யென். மாற்றிப் படித்தால் விலை இருபது மடங்கு தவறும்.

தமிழில் எழுதுபவர்களிடம் என்னை அதிகம் உறுத்துவது ரூபாய்தான். ₹ என்பது 2010 ஜூலையில் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட, உதயகுமார் வடிவமைத்த இந்திய ரூபாய்க் குறி. அதை இலங்கை, பாகிஸ்தான், நேபாள ரூபாய்க்குப் போடுவது பிழை. விசைப்பலகையில் கைக்கு எட்டுகிறது என்று இலங்கை விலைக்கும் ₹ போட்டுவிடுகிறார்கள். வாசிப்பவர் தொகையை மூன்று மடங்குக்கு மேல் கூட்டிப் புரிந்துகொள்வார். 'ரூ.' என்பது எல்லா ரூபாய்க்கும் பொது. இரு நாட்டவரும் வாசிக்கும் கட்டுரையில் 'இலங்கை ரூபாய்' என்று முழுதாக எழுதிவிடுவது மேல். அப்புறம், '₹500 ரூபாய்' வேண்டாம். குறியோ சொல்லோ, ஒன்று போதும்.

புள்ளியிலும் கவனம் வேண்டும். ஒரு பில்லில் '1.500' என்று இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த பில் என்றால் ஆயிரத்து ஐந்நூறு யூரோ, ஏனென்றால் அங்கே ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. குவைத்திலிருந்து வந்தது என்றால் ஒன்றரை தினார். அங்கே ஒரு தினார் 1000 ஃபில்ஸ், அதனால் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம். பஹ்ரைன் தினாரும் ஓமன் ரியாலும் அப்படியே.

யென்னுக்கோ தசமமே கிடையாது. பணம் செலுத்தும் மென்பொருள் எழுதுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தொகையைச் சில்லறைக் கணக்கில் (பைசா, சென்ட் போல) அனுப்ப வேண்டும் என்று எல்லா நாணயத்தையும் 100ஆல் பெருக்கிவிட்டால், 5000 யென் 5 லட்சம் யென்னாகப் போய் நிற்கும். நாணயத்துக்கு எத்தனை தசம இலக்கம் என்பதை ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்தே எடுங்கள்.

பழைய எழுத்துருக்களில் ₹ வெறும் கட்டமாகத் தெரியலாம். அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

பழைய ஆவணங்களைப் பார்த்து எழுதும்போது ஆண்டையும் சேர்த்துக் குறியுங்கள். துருக்கி 2005இல் லிராவிலிருந்து ஆறு பூஜ்யங்களை நீக்கியது. பத்து லட்சம் பழைய லிரா ஒரே நாளில் ஒரு புதிய லிரா ஆனது, குறியீடும் டிஆர்எல் என்பதிலிருந்து டிஆர்ஒய் என மாறியது. ₺ என்ற குறி வந்ததோ 2012இல்தான். ஆகவே 1990களின் துருக்கி விலைக்கு முன்னால் ₺ போட்டால், வாசகர் இன்றைய லிரா என்றே நினைப்பார்.