கேத வீட்டைத் திரைக்கதையாக்கும்போது செய்யக்கூடாதவை

மதுரை நரிமேட்டில் ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறுகளில் திரைக்கதை வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஏழு பேருக்கு ஒரே பயிற்சி கொடுத்தேன். கொலையும் துக்கமும் உள்ள நாவல் ஒன்றை எடுத்து, முதல் இருபது நிமிடத்துக்கு எழுதி வரவேண்டும். வந்த ஏழில் ஐந்தில், மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து அம்மா அழுகிறாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் எழுதினேன்.

அடுத்த வாரம் அவர்களுக்கு 'தி லவ்லி போன்ஸ்' படத்தைப் போட்டுக் காட்டினேன். ஆலிஸ் சீபோல்ட் 2002இல் எழுதிய நாவலை பீட்டர் ஜாக்சன் 2009இல் படமாக்கினார். 1973 டிசம்பர் 6 அன்று, பள்ளியிலிருந்து சோளக்காட்டு வழியாக வீடு திரும்பும் 14 வயது சூஸியை அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஒருவன் கொன்றுவிடுகிறான். மேலுலகத்திலிருந்து தன் வீட்டைப் பார்த்தபடி அவளே கதையைச் சொல்கிறாள். மனதை உலுக்கும் நாவல். இயக்குநரும் கைதேர்ந்தவர், சூஸியாக வரும் சேர்ஷா ரோனன் அருமையான நடிகை. அப்படியும் படம் ஏமாற்றிவிட்டது. எங்கே கைவிட்டது என்று அன்று இரவு பத்து மணி வரை பேசினோம். வசன நீளம், காட்சி எண் மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை எழுத எழுதத் தானாகச் சரியாகும்.

மேலுலகத்தை அழகாக்குவது

நாவலில் சூஸி முதலில் பார்க்கும் மேலுலகம் ஒரு பள்ளி மைதானம். கால்பந்துக் கம்பங்கள், ஊஞ்சல்கள், சாதாரணக் கட்டடங்கள். அடுத்து அவள் போயிருக்க வேண்டிய, போகாமலே போன உயர்நிலைப் பள்ளி அது. அந்தச் சாதாரணத்தில்தான் வலி இருக்கிறது. படத்தில் அது வண்ண வண்ண நிலக்காட்சிகளாக விரிகிறது. மகளோடு சேர்ந்து பாட்டிலுக்குள் கட்டிய கப்பல்களை அப்பா உடைக்கிறார். அதே நேரம் மேலே ராட்சதக் கப்பல்கள் கரையில் மோதி நொறுங்குகின்றன. நம் கண் அந்தக் கப்பல்களின் பின்னால் போய்விடுகிறது. உடைக்கிற அந்த மனிதரின் கையை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் வகுப்பிலும் ஒருவர் செத்துப்போன பையனை அருவிக்கு நடுவில் நிறுத்தியிருந்தார். "தம்பி, இவன் மாட்டுத்தாவணியில சென்னை பஸ் ஏறணும்னு ஆசைப்பட்டவன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அந்த பஸ் ஸ்டாண்டு போதாதா?" என்று கேட்டேன்.

துக்கத்தில் இருப்பவரை நல்லவராக்குவது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இதுதான்.

சீபோல்டின் நாவலில் சூஸியின் அம்மா அபிகெயில், வழக்கை விசாரிக்கும் போலீஸ் அதிகாரியோடு உறவு வைத்துக்கொள்கிறாள். பிறகு கணவனையும் மிச்சமிருக்கும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு கலிஃபோர்னியாவுக்குப் போகிறாள். திரும்பி வர வருடக்கணக்காகிறது. படிக்கும்போது அவள் மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான் அவளைப் புரிந்துகொள்ளவும் முடியும். படத்தில் அந்த உறவே இல்லை. வீட்டை விட்டுப் போய் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறாள், வந்துவிடுகிறாள். ஏன் போனாள், ஏன் வந்தாள் என்பது மனதில் ஒட்டவே இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் நாவலைத் திரைக்கதையாக்க என்னிடம் கொடுத்தார்கள். நிலத் தகராறில் மகனை வெட்டிவிடுகிறார்கள். பத்தாம் நாள், இன்னும் காரியம்கூட முடியவில்லை, அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மதுரைக்கு வருகிறாள். ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, ஊறும் வரை பொறுமையாக இருந்து, நன்றாகச் சாப்பிடுகிறாள். நாவலில் இரண்டே பக்கம். ஜனங்கள் அவளை வெறுத்துவிடுவார்கள் என்று நினைத்து அதை வெட்டினேன். தயாரிப்பாளர் கேட்கவில்லை, இயக்குநர் கேட்கவில்லை. நானாக வெட்டினேன். அந்த இடத்தில் போட்டோவையும் அழுகையையும் வைத்தேன்.

பிற்பாதியில் அவள் எதிர்தரப்பின் சமரசப் பணத்தை வாங்கிக்கொள்வாள். பரோட்டாக் கடையில் அவளைப் பார்த்திருந்தால் அது புரிந்திருக்கும். போட்டோவுக்கு முன்னால் அழுதவள் பணம் வாங்கியதும் துரோகி மாதிரி தெரிந்தாள். படத்தொகுப்பில் அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதை எடுத்ததும் கிளைமாக்ஸ் நிற்கவில்லை. நான்கு நாள் மறுபடி ஷூட்டிங் போனார்கள். கையில் இருந்த பணமும் தீர்ந்தது. படம் பார்க்க வந்த எழுத்தாளர், முடிந்ததும் என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏன் தம்பி, கடைசி வரைக்கும் அவ சாப்பிடவே இல்லையே?"

வாழ்க்கையில் இதைப் பார்த்திராதவன் என்றால்கூடப் பரவாயில்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் பெரியம்மாவின் மகனை வெட்டிக் கொன்றார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பந்தல்காரர் நாற்காலிகளை எடுக்க வந்தார். பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுக்கியிருந்த ஒவ்வொரு நாற்காலியையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். "முப்பத்தெட்டுதான் இருக்கு. நாப்பதுக்கு எதுக்கு நான் காசு குடுக்கணும்?" கால் மணி நேரச் சண்டை. சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் தோற்கவில்லை. முப்பத்தெட்டுக்குத்தான் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது அழுகிற அம்மாதான் பேனாவில் வந்தாள்.

நாவலைப் படிக்கும்போது எந்தப் பக்கத்தில் துக்கத்தில் இருப்பவர் மேல் உங்களுக்கு எரிச்சல் வருகிறதோ, அந்தப் பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். வெட்டவே கூடாத பக்கம் அதுதான்.

கொலைகாரனிடம் படத்தைக் கொடுத்துவிடுவது

கொலைகாரன் ஹார்வியாக வரும் ஸ்டான்லி டூச்சி அவ்வளவு நன்றாக நடித்தார், ஆஸ்கர் பரிந்துரையே கிடைத்தது. சூஸியின் தங்கை அவன் வீட்டுக்குள் நுழைந்து தேடும் காட்சியில் மூச்சுவிட முடியாது. இந்த மாதிரிக் காட்சி தன் காலில் நிற்கும், அதனால் படத்தொகுப்பில் யாரும் கைவைக்க மாட்டார்கள். மெலிந்துபோவது வீட்டுக் காட்சிகள்தான். அப்புறம், முன்கூட்டிப் பார்த்தவர்கள் ஹார்வி இன்னும் வேதனைப்பட்டுச் சாகவேண்டும் என்று சொன்னதால் அந்தச் சாவை விரித்து எடுத்ததாக ஜாக்சனே சொல்லியிருக்கிறார். கொலைகாரன் எப்படிச் செத்தால் திருப்தி என்று பார்வையாளரிடம் கேட்கத் தொடங்கினால், அது பழிவாங்கும் கதையாகிவிடும்.

காலத்தைச் சுருக்குவது

நாவலில் சூஸியின் குட்டித் தம்பி வளர்கிறான், அம்மா மேல் வெறுப்போடு வளர்கிறான். படத்தில் கடைசி வரை குட்டித் தம்பிதான். துக்கத்துக்கு வயது ஏறுவதைக் காட்டுங்கள்.

சாவு வீட்டில் மழை

வேண்டாம்.

ஒப்பாரியைப் பின்னணி இசையாக்குவது

நம் ஊரில் ஒப்பாரி பேச்சு. கட்டிப்பிடித்து அழும் பெண், செத்தவரைப் பாடிக்கொண்டே தன் புருஷன் விட்டுப்போனதையும் அண்ணன் சீர் செய்யாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். யார் பாடுகிறாள், யார் காதில் விழவேண்டும் என்று பாடுகிறாள் என்பதை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். முடியாவிட்டால் வைக்காதீர்கள்.

போன ஞாயிறு, திருமங்கலத்திலிருந்து வரும் பெண் தன் காட்சியைத் திருத்திக் கொண்டுவந்தாள். போட்டோ போய்விட்டது. அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள். மகன் பெயரை கார்டிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார் கடைக்காரர். "இந்த மாசம் அவனுக்கும் சேத்தே போடுங்க" என்கிறாள் அம்மா. அதற்குக் கீழே 'கண் கலங்குகிறாள்' என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அடித்துவிடச் சொன்னேன்.